செயலைத் திட்டலாம், பிறப்பைத் திட்டலாமா?



மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். 1990-களின் நடுவில் அங்கே தனியார் எஃப்.எம். வானொலிகள் வந்தன. வீட்டிலிருந்தே போன் போட்டு, தாய்மொழியிலேயே, அமைச்சரைச் சாமானியர் கேள்வி கேட்க முடிந்தது. ஜனநாயகத்தில் இது பெரிய விஷயம்.

கூடவே கெட்டதும் வந்தது. தினமும் நிலையம் நிலையமாக அழைத்து எதிர்க்கட்சியைத் திட்டுவதற்கென்றே ஆட்கள் கிளம்பினார்கள். 'தொடர் அழைப்பாளர்கள்' என்று அவர்களுக்குப் பெயரே உண்டு. "அமைச்சர் சொன்ன கணக்கு தவறு" என்று ஆரம்பிக்கும் பேச்சு, "அமைச்சர் திருடன்" என்றாகி, "அந்த இனமே அப்படித்தான்" என்பதில் போய் நிற்கும். ஆபத்து இந்த மூன்றாம் படியில்தான். 2012 ஏப்ரலில், குறிப்பிட்ட இனத்தவரைத் தாக்கும்படி வானொலியில் பேசியதாக நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரே கைதானார். 2008 அதிபர் தேர்தலில் வெற்றி தோல்விக்கு இடையே அரை சதவீத வாக்குகூட வித்தியாசம் இல்லாத நாடு அது. அங்கே இப்படிப்பட்ட பேச்சு வைக்கோற்போர் பக்கத்தில் நெருப்பு.

அந்தப் படியையும் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு ருவாண்டா சாட்சி. 1993-இல் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலி துட்சி மக்களைக் 'கரப்பான்பூச்சி' என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியது. 1994-இல் நூறே நாட்களில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள்.

அதற்காக எல்லார் வாயையும் சட்டத்தால் கட்டிவிடலாமா? கூடாது. அந்தக் கட்டு முதலில் நியாயம் கேட்பவன் வாயில்தான் விழும். அவதூறுக்குச் சிறை என்ற சட்டத்தைக் கானாவே 2001-இல் நீக்கிவிட்டது. அதற்குப் பதில் 2012 தேர்தல் சமயத்தில், ஊடக அமைப்பு ஒன்று வானொலி நிகழ்ச்சிகளைக் கேட்டு, யார், எந்தக் கட்சி, என்ன வசை என்று பெயரோடு வெளியிட்டது.

"திட்டுவதையே வேலையாக வைத்திருப்பவனுக்கு வெட்கம் ஏது?" என்று கேட்பீர்கள். அவனுக்கு இல்லாமல் போகட்டும். நாளை ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரவேண்டிய கட்சிக்கு இருந்துதானே ஆக வேண்டும்?

இன்னொரு பொறுப்பு, நிகழ்ச்சி நடத்துபவருடையது. இணைப்பைத் துண்டிக்கும் பொத்தான் அவர் கையில் இருக்கிறது. ஊடகத்தில் வேலை பார்க்கும் என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நேயர் ஒருவர் ஆட்சியை எவ்வளவு காரமாக விமர்சித்தாலும் பேச விடுங்கள். அடுத்தவர் பிறப்பைத் தொட்டால் அந்த நொடியே இணைப்பைத் துண்டியுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்