வரம் தந்த சட்டமும் வழிமறித்த பூசாரியும்

தோழரே!

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்கள் நம் பாட்டிமார். சாமியிடம் வரம் கேட்டுக் காத்துக்கிடக்கும் வழக்கம் நமக்கு இல்லை. ஆகவே பழமொழியின் முற்பாதி நமக்குக் கவலையூட்டுவதில்லை. ஆனால் பூசாரிகள் கோயிலில் மட்டுமா இருக்கிறார்கள்? டில்லிப் பட்டணத்துச் செயலகத்திலும் இருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டு இந்த நாட்டின் பாராளுமன்றம் தாய்மார்களுக்கு ஒரு வரத்தைச் சட்டமாக்கித் தந்தது. 2017ஆம் ஆண்டு டில்லி அமைச்சரவை குறுக்கே வந்து நின்று, பாதியைப் பிடுங்கிக்கொண்டு மீதியைப் பிரசாதமென்று நீட்டியது. அந்தக் கதையை இன்று பேசுவோம்.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவு நீளமானதல்ல. படிப்பதற்குப் பாரிஸ்டர் பட்டமும் தேவையில்லை. கருவுற்ற ஒவ்வொரு பெண்ணும், பாலூட்டும் ஒவ்வொரு தாயும், பேறுகால உதவியாக 6,000 ரூபாய்க்குக் குறையாத தொகையைப் பெற உரிமையுடையவர் என்கிறது அது. கருவுற்ற காலத்திலும், பிள்ளை பிறந்தபின் ஆறு மாதமும், அங்கன்வாடியில் கட்டணமின்றி உணவு உண்டு என்றும் சொல்கிறது. அரசுப் பணியிலோ பொதுத்துறையிலோ இருப்பவர்களுக்கும், வேறு சட்டத்தால் இத்தகைய பயன் பெறுகிறவர்களுக்கும் மட்டும் இது இல்லை. அவர்களுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. 'ஒவ்வொரு' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'குறையாத' என்ற சொல்லையும் கவனியுங்கள். இந்த இரண்டு சொற்களின் தலையில்தான் பிறகு கோடரி விழுந்தது.

சட்டம் பிறந்த காலத்தில் டில்லியில் அமர்ந்திருந்த காங்கிரசுக் கூட்டணி ஆட்சி, 2010இல் 53 மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கிய திட்டத்தை நாடெங்கும் கொண்டுசெல்லாமலே காலம் கழித்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சோதனைத் திட்டங்கூட முதல் இரண்டு பேறுகளுக்கு உதவியது என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

2016 டிசம்பர் 31. பணமதிப்பு நீக்கத்தால் நாடே வங்கி வாசலில் வரிசை கட்டி நின்று களைத்திருந்த நேரம். புத்தாண்டுக்கு முந்திய அந்த இரவில் பிரதமர் மோடி நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். கருவுற்ற பெண்களுக்கு 6,000 ரூபாய், நாட்டின் எல்லா மாவட்டங்களிலும், அவரவர் வங்கிக் கணக்கிலேயே, என்று அறிவித்தார். கைதட்டல் பலமாக இருந்தது. மூன்றாண்டுக்கு முன்பே சட்டம் தந்துவிட்ட உரிமையல்லவா இது, புதிதாக யார் யாருக்கு ஈவது என்று கேட்டவர்களின் குரல் அந்த ஆரவாரத்தில் அமுங்கிப்போயிற்று. போகட்டும், தாமதமாகவேனும் தருகிறார்களே என்று நம்பியவர்களும் உண்டு.

2017 மே மாதம் அமைச்சரவை கூடியது. 6,000 ரூபாய் 5,000 ஆயிற்று. 'ஒவ்வொரு' கருவுற்ற பெண்ணும் என்பது, உயிரோடிருக்கும் முதல் குழந்தைக்கு மட்டும் என்று சுருங்கிற்று. இரண்டு பேறுக்கு இருந்தது ஒரு பேறாகக் குறைந்தது. பெயர் மட்டும் வளர்ந்தது, தோழரே! பிரதமர் மாத்ரு வந்தனா யோஜனா! மாத்ரு என்றால் தாய். வந்தனம் என்றால் வணக்கம். தாய்க்கு வணக்கம் ஒன்று. வயிற்றுக்கு வெட்டு இரண்டு.

ஏனய்யா, சட்டத்தில் 6,000 என்றிருக்கிறதே என்று கேட்டதற்கு டில்லி தந்த விளக்கம் பொன்னேட்டில் பொறிக்கத்தக்கது. மருத்துவமனையில் பிள்ளை பெறுவோருக்கு ஜனனி சுரக்ஷா என்று வேறொரு திட்டம் 2005 முதல் இருக்கிறதாம். அதில் வரும் தொகையையும் சேர்த்துக்கொண்டால், சராசரியாக ஒரு பெண்ணுக்கு 6,000 ரூபாய் கிடைத்துவிடுமாம். சராசரி! சட்டம் 'குறையாத' என்கிறது. சர்க்கார் 'சராசரியாக' என்கிறது. சராசரி ஆழம் முழங்கால் அளவு என்று நம்பி ஆற்றில் இறங்கியவன் அக்கரை சேர்ந்தானா? ஜனனி சுரக்ஷா, வீட்டில் பிள்ளை பெறாமல் மருத்துவமனைக்கு வருவதற்காகத் தரப்படும் ஊக்கத் தொகை. இது, உழைக்க முடியாத மாதங்களில் உண்பதற்கும் ஓய்வெடுப்பதற்கும் தரப்படும் உரிமைத் தொகை. ஒரு பையில் போட்ட காசை மறு பையின் கணக்கிலும் எழுதுகிறவனைக் கடைத்தெருவில் என்ன பெயரிட்டு அழைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

சட்டத்தை அலசும் வக்கீல் நண்பர்கள் சிலர், அதே நான்காம் பிரிவில் 'மத்திய அரசு வகுக்கும் திட்டங்களுக்கு உட்பட்டு' என்ற தொடரும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. வாய்க்காலுக்கு மதகு வைப்பது, நீரை முறைவைத்துப் பாய்ச்சுவதற்கு. மதகு என் கையில் இருக்கிறது, ஆகவே கடைமடை வயல் உனக்கு வயலே அல்ல என்று சொல்வதற்கு எந்த மதகுக்காரனுக்கும் உரிமை கிடையாது. எப்படிக் கொடுப்பது, எத்தனை தவணையில் கொடுப்பது என்பதைத் திட்டம் வகுக்கலாம். யார் தாய், யார் தாயல்ல என்று வகுக்க அதற்கு என்ன அதிகாரம்?

கூக்குரல் எழுந்தது. 2022இல் டில்லி சற்றே இறங்கிவந்தது. இரண்டாவது குழந்தைக்கும் உண்டு, 6,000 ரூபாய் உண்டு என்றது. தோழரே, அவசரப்பட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் மட்டும்!

நான் நாடகம் எழுதுகிறவன். இதை ஒரு காட்சியாக எழுதினால், மிகைப்படுத்துகிறான் என்பார்கள் விமரிசகர்கள். இருந்தும் எழுதிப் பார்க்கிறேன். இடம், கங்கைக் கரையில் ஒரு சிற்றூர்ச் சுகாதார நிலையம். வயலில் கூலிக்கு நாற்று நடும் பெண்ணொருத்தி நிற்கிறாள். இடுப்பில் மூத்தது, கையில் இரண்டாவது.

எழுத்தர்: முதல் பிள்ளைக்குப் பணம் வந்ததா, அம்மா?

பெண்: வந்தது ஐயா.

எழுத்தர்: இது என்ன பிள்ளை?

பெண்: ஆண் பிள்ளை ஐயா.

எழுத்தர்: அப்படியானால் இல்லை.

பெண்: பெண்ணாய்ப் பிறந்திருந்தால்?

எழுத்தர்: ஆறாயிரம்.

பெண்: இரண்டையும் சுமந்தது ஒரே வயிறுதானே ஐயா?

வசனம் என்னுடையது, விதி டில்லியுடையது. பெண் குழந்தையைப் போற்றுகிறோம், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். பெண் குழந்தையைப் போற்றுங்கள், யார் வேண்டாமென்றார்? அதற்கென்று தனியே நிதி ஒதுக்குங்கள். தாயின் பங்கிலிருந்தா எடுத்துப் போற்றுவது? இந்தப் பணம் பிள்ளைக்குப் பரிசல்ல, சுமப்பவளுக்கு உணவு. ஐந்தாம் மாதத்தில் வேண்டும் முட்டையும் கீரையும், எட்டாம் மாதத்தில் வேண்டும் ஓய்வு. பிள்ளை பிறந்து, அது பெண்தானென்று பதிவாகி, அதன்பின் ஒரே தவணையில் வந்து சேரும் பணம், ஐந்தாம் மாதத்துப் பசிக்குப் பின்னோக்கி நடந்துபோய்ச் சோறு போடுமா? வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டு சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மருத்துவர் சொல்லக்கூடாத அந்தச் செய்தியைப் பொறுத்துத்தான் இரண்டாவது முறை சூல்கொண்டவளின் உதவி ஊசலாடுகிறது!

இரண்டாவது பேறு எளிது, பழகியது என்று எண்ணுவோரும் இருக்கிறார்கள், பெரும்பாலும் ஆண்கள். முதல் பேற்றில் இழந்த இரத்தம் ஊறுவதற்கு முன்பே அடுத்தது வந்துவிட்டால் உடம்பு கரைந்துபோகும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர் என்று கண்டது. பிள்ளைப்பேற்றின்போது இரத்தம் கொட்டினால், இரத்தமே இல்லாத உடம்பு தாங்குமா? மாத்திரை கொடுக்கிறோம் என்கிறது சர்க்கார். கொடுப்பது நல்லது. வெறும் வயிற்றில் விழும் மாத்திரை குமட்டுகிறது என்று முந்தானையில் முடிந்துவைக்கிறாளே, அந்த முடிச்சை யார் அவிழ்ப்பது?

அதே 2017ஆம் ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. பேறுகாலப் பயன் சட்டம் திருத்தப்பட்டு, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில் பணிபுரியும் பெண்களுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு என்று ஆயிற்று. நல்ல சட்டம், வரவேற்போம். முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம், மூன்றாவதற்கும் 12 வாரம். இரண்டாவது ஆணா பெண்ணா என்ற கேள்வி அங்கே எழவில்லை. நாற்று நடுகிறவளுக்கும், செங்கல் சுமக்கிறவளுக்கும், பீடி சுற்றுகிறவளுக்கும், வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கும் என்ன கிடைத்தது? 5,000 ரூபாய். 26 வாரம் என்பது 182 நாள். வகுத்துப் பாருங்கள்: நாளொன்றுக்கு 27 ரூபாய் சில்லறை. அந்த 27 ரூபாயும் ஒரு முறைதான். அடுத்த முறை பெண் பிறந்தால் பார்க்கலாம்!

இத்தனைக்கும் உள்ளே ஒளிந்திருப்பது பணப் பஞ்சமல்ல. பழைய எண்ணம் ஒன்று. ஏழைப் பெண்ணுக்குக் கொடுத்தால் பிள்ளை பெற்றுக்கொண்டே இருப்பாள் என்ற எண்ணம். பெண்ணை மனுஷியாகப் பாராமல் மக்கள்தொகைக் கணக்கின் ஒரு வரியாகப் பார்க்கும் இந்தக் கண்தான், 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஒரே நாளில் ஒரே முகாமில் எண்பதுக்கு மேற்பட்ட பெண்களைப் படுக்கவைத்துக் கருத்தடை அறுவை செய்தது. பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

கருத்தடையை இந்த மண்ணில் முதலில் உரக்கப் பேசியவர்களில் ஒருவர் பெரியார். ஆனால் அவர் பேசிய காரணமே வேறு. நாட்டின் வறுமை தீர, குடும்பச் சொத்து சிதறாதிருக்க என்று மற்றவர்கள் வாதாடினர். பெண் விடுதலை பெறவேண்டும், அதற்காகவே கருத்தடை என்று அவர் வாதாடினார். பெறுவதும் பெறாதிருப்பதும் அவள் விருப்பம் என்பது அந்த வாதத்தின் முடிவு. பெற முடிவு செய்தவளைப் பட்டினி போட்டுப் பாடம் கற்பிப்பது அதற்கு நேர் எதிர்.

கொடுத்தால் பெருகும் என்பவர்களுக்கு விடை ஏட்டில் இல்லை, நாட்டில் இருக்கிறது. இங்கே, தமிழகத்தில். டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் பெயரில் 1980களின் பிற்பகுதியில் சிறு தொகையாகத் தொடங்கிய மகப்பேறு உதவி, 2006இல் கலைஞர் ஆட்சியில் 6,000 ரூபாயாயிற்று. டில்லியின் சட்டம் அந்தத் தொகையை எழுதியதற்கு ஏழாண்டு முன்பு! 2011இல் 12,000. 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000. பின் இரண்டு உயர்வுகளும் எதிர்முகாம் ஆட்சியில் வந்தவை என்று யாரேனும் சுட்டிக்காட்டினால், ஆமென்று சொல்லுங்கள். அதில் நமக்கு வெட்கமில்லை. ஆட்சி மாறினாலும் தாயின் தொகை இறங்காத ஊர் இது என்பதுதானே பெருமை! இப்படிக் கொடுத்த தமிழகத்தில் பிள்ளை பெருகிற்றா? அதே 2019-21 ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை, நாடு முழுவதற்கும் 2.0.

புதுக்கோட்டையில் தேவதாசி மரபில் வந்த தாயின் மகளாய் 1886இல் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் கல்லூரியின் படியேறக்கூடாது என்ற எதிர்ப்பைத் தாண்டிப் படித்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927இல் சட்டமன்றத்தின் துணைத் தலைவராக அமர்ந்தார். பெண்ணின் உடல்நலத்தைச் சமையற்கட்டுச் சங்கதியாக விடாமல் சட்டமன்றச் சங்கதியாக்கிய கைகளில் முதன்மையானது அவர் கை.

பணம் மட்டும் உயிர் காத்துவிடாது என்பதும் உண்மை. இரவிலும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம், அங்கே முறைவைத்து விழித்திருக்கும் மூன்று செவிலியர், 2008 முதல் ஓடும் 108 வண்டி, ஊர்ப்பாதையில் கால் தேய நடக்கும் கிராம சுகாதாரச் செவிலியர், இவையெல்லாம் சேர்ந்துதான் காத்தன. ஒரு தாய் இறந்தால், விதி என்று எழுதி மூடாமல், எங்கே தாமதம், யாரிடம் தவறு என்று மாவட்ட ஆட்சியர் மட்டத்தில் விசாரிக்கும் முறையைத் தமிழகம் ஏற்படுத்தியது. இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2001-03இல் 134 ஆக இருந்த தாய் இறப்பு, 2018-20இல் 54 ஆயிற்று. நாடு முழுவதற்கும் அது 301லிருந்து 97. ஆனால் அதே கணக்கில் கேரளம் 19! பக்கத்து வீட்டில் 19 என்றால் நம் 54இல் எத்தனை தாய்மார்களைக் காத்திருக்கலாம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டாமா? இங்கும் நூற்றுக்கு 53 பெண்களுக்கு இரத்தசோகை இருக்கிறதே, அது யார் குற்றம்? நம் திட்டமும் இரண்டு பேறோடு நிற்கிறது. 19 வயது நிரம்பவேண்டும் என்கிறது. குழந்தை மணத்தைத் தடுக்கும் நோக்கம் அதில் இருக்கலாம், ஆனால் 17 வயதில் மணம் முடிக்கப்பட்ட சிறுமியின் உடம்புதான் எல்லோரையும்விட அதிக ஆபத்தில் இருக்கிறது. தண்டிக்கவேண்டியது மணம் முடித்துவைத்தவனை. டில்லியை நோக்கி நீளும் விரல், நம் கோட்டையின் பக்கமும் ஒருமுறை திரும்பட்டும்.

நாடாளுமன்றத்தில் நம்மவர்கள் கேட்கவேண்டியது பெரிய பட்டியலல்ல. 'முதல் குழந்தை' என்ற சொல்லையும் 'பெண்ணாயிருந்தால்' என்ற சொல்லையும் அடித்துவிட்டு, சட்டத்திலுள்ள 'ஒவ்வொரு' என்பதை எழுதச் சொல்லவேண்டும். 2013ஆம் ஆண்டு விலைவாசியில் எழுதப்பட்ட 6,000 என்ற எண்ணை இன்றைய விலைவாசிக்கு உயர்த்தச் சொல்லவேண்டும்.

அதுவரை கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மகளிர் அணித் தோழியரோடு உங்கள் தெரு அங்கன்வாடிக்கும் துணை சுகாதார நிலையத்துக்கும் உட்பட்ட வீடுகளுக்குச் செல்லுங்கள். கடந்த ஈராண்டில் பிள்ளை பெற்றவர்களைக் கேளுங்கள்: பதிவு எண் கிடைத்ததா, எந்தத் தவணை வந்தது, எது வரவில்லை, வராததற்குச் சொல்லப்பட்ட காரணம் ஆதாரா, வங்கிக் கணக்கா, வெறும் மௌனமா? பிழைப்புக்காக வந்து செங்கல் சூளையில் குடியிருக்கும் வடநாட்டுப் பெண்களை விட்டுவிடாதீர்கள். சொந்த ஊர் முகவரியும் இந்த ஊர் முகவரியும் இடித்துக்கொள்ளும்போது முதலில் விடுபடுவது அவர்கள் பெயர்தான். எழுதி எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் வட்டார மருத்துவ அலுவலரைப் பார்த்துக் கொடுங்கள். கொடுத்ததற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.