மதனகாமப்பூவும் என் ரிக்கார்டு நோட்டும்

சென்ற ஆண்டு ஒரு மாலை, பண்ருட்டியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் நின்றிருந்தேன். முந்திரித் தோப்பு வேலையில் தளர்ந்துபோன அப்பாவுக்கு உடம்பு வலுவுக்கென்று யாரோ சொன்ன மருந்து. பொட்டலத்தைப் பிரித்தால் பழுப்புச் செதில்கள், நுனியில் முள். முந்தின வாரம்தான் செய்முறை வகுப்பில் அதைப் படம் வரைந்து பாகம் குறித்திருந்தேன். சைகஸ் ஆண் கூம்பின் செதில்! கடையில் அதன் பெயர் மதனகாமப்பூ.

பூ என்பதே பிழை. பூக்கும் தாவரங்கள் தோன்றுமுன்பே உலகில் இருந்த தாவரக் குலத்தைச் சேர்ந்தது இது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மகரந்தம் சிந்துமுன் ஆண் கூம்பை அறுத்துவிட்டால் பெண் மரத்தில் விதை ஏது? மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சைகஸ் சர்சினாலிஸ் இன்று அழியும் நிலையிலுள்ள இனங்களின் உலகப் பட்டியலில் இருக்கிறது. காடு அழிவதோடு இந்த வாணிபமும் ஒரு காரணம். மலபாரில் இதனை ஈந்து என்பார்கள். விதையில் நஞ்சு உண்டு. பலமுறை நீரில் ஊறவைத்துக் கழுவியே மாவாக்குவார்கள்.

தென் அமெரிக்காவில் இதன் உறவினமான ஸாமியா ரோஸ்லி, கொலம்பியாவின் பசிபிக் கரையோர மழைக்காட்டில், ஓயாத ஈரத்தில் வளர்கிறது. அதன் ஆணணு வெறும் கண்ணுக்கே தெரியுமளவு பெரிது! அதனை இங்கே வளர்ப்பது வீண் ஆசை. நம் சைகஸோ இலையுதிர் காட்டுப் பாறைச் சரிவிலும் வளரும். அதன் பவள வேரில் வாழும் நீலப்பசும்பாசி, காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்துக்கு உணவாக்கித் தருகிறது. நீர் தேங்கினால் மட்டும் வேர் அழுகும். எங்கள் காடாம்புலியூர்ச் செம்மண்ணில் நீர் நிற்காது. முந்திரி நிழலும் உண்டு.

ஆகவே நண்பர்களே, கல்லூரித் தோட்டங்களில் அழகுக்கு நிற்கும் ஜப்பானியச் சைகஸோடு நம் நாட்டு மரத்தையும் வைக்கவேண்டும் என்பது என் கருத்து. கன்றுகள் நாற்றங்காலில் வளர்த்தவையாக இருக்கட்டும். காட்டிலிருந்து பெயர்த்தவை வேண்டாம். கன்றில் ஆண், பெண் தெரியாது. ஐந்தாறாவது நடவேண்டும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ரிக்கார்டு நோட்டை அப்பாவிடம் காட்டினேன். படத்தையும் பொட்டலத்தையும் மாறிமாறிப் பார்த்தார். “இத முன்னாடியே படிச்சிருக்கக் கூடாதாடா? காசாவது மிஞ்சியிருக்கும்” என்றார். கன்று வந்தால் குழி தானே எடுப்பதாகவும் சொல்லியிருக்கிறார்.