நூலில் இல்லாத விழுக்காடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆசிரியர் பயிற்சிக் கையேடுகளிலும், வகுப்பறைக்குத் தொடுதிரையும் மென்பொருளும் விற்க வருவோரின் விளம்பரத் தாள்களிலும் ஒரு படம் திரும்பத் திரும்ப அச்சாகிறது. படிப்பதில் 10 விழுக்காடு, கேட்பதில் 20, பார்ப்பதில் 30, பார்த்துக் கேட்பதில் 50, வாயால் சொல்வதில் 70, சொல்லிக்கொண்டே செய்வதில் 90 விழுக்காடு மனத்தில் தங்கும் என்கிறது அந்தப் படம். அடியில் ‘எட்கர் டேல், 1946’ என்று ஆதாரம் போட்டிருக்கும். அண்மையில் எங்கள் பகுதி ஆசிரியர்களுக்கு நடந்த பணியிடைப் பயிற்சியிலும் இதே படத்தைத் திரையில் காட்டினார்கள். போட்டித் தேர்வு வழிகாட்டி நூல் ஒன்றில் இதை ஒரு மதிப்பெண் வினாவாகவே கொடுத்து விடையும் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த ஆதாரம் பொய். அதைக் கண்டித்தே இந்தக் கடிதம்.

எட்கர் டேல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். காட்சி, ஒலிக் கருவிகளைக் கொண்டு கற்பிப்பது பற்றி 1946இல் அவர் எழுதிய நூலில் ‘அனுபவக் கூம்பு’ என்ற படம் இருக்கிறது. அடித்தளத்தில் நேரடி அனுபவம், மேலே போகப் போக நடித்துக் கற்பது, செய்துகாட்டல், களப்பயணம், திரைப்படம், வானொலி, உச்சியில் சொற்கள். பி.எட். படித்த எல்லோரும் தேர்வுக்காக இதை வரைந்திருப்போம். அந்தக் கூம்பில் ஒரு விழுக்காடுகூட இல்லை. 1954, 1969ஆம் ஆண்டுப் பதிப்புகளிலும் இல்லை. எது எவ்வளவு நினைவில் நிற்கும் என்பதை அளக்க டேல் அந்தப் படத்தை வரையவும் இல்லை. கூம்பை அப்படியே விதியாகக் கொள்ள வேண்டாம் என்று அவரே வாசகரை எச்சரித்திருக்கிறார்.

பிறகு இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? 1967இல் டி.ஜி. டிரைக்ளர் என்ற எண்ணெய் நிறுவன ஊழியர் ஒருவர், பயிற்சிக் கருவிகள் பற்றிய ஒரு பத்திரிகைக் கட்டுரையில் இவற்றை எழுதினார். யாரைச் சோதித்தார்கள், எந்த வயதினரை, எத்தனை நாள் கழித்து என்று எந்த விவரமும் அதில் கிடையாது. பின்னால் வந்த யாரோ இந்த எண்களை டேலின் கூம்போடு ஒட்டிவைத்தார்கள். இதே கணக்கின் இன்னொரு வடிவத்துக்கு ‘கற்றல் பிரமிடு’ என்று பெயர். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தேசியப் பயிற்சி ஆய்வகம் என்ற அமைப்பு 1960களில் நடத்திய ஆய்வு அதற்கு ஆதாரம் என்பார்கள். மூல ஆய்வைக் கேட்டவர்களுக்கு, அது தங்களிடம் இப்போது இல்லை என்றுதான் அந்த அமைப்பு பதில் எழுதியது. இரண்டு வடிவங்களும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. முதலாவதில் கேட்பது படிப்பதைவிட இரு மடங்கு பயன் தருகிறது. பிரமிடிலோ விரிவுரைக்கு 5 விழுக்காடு, படிப்பதற்கு 10. ஒரே கையேட்டில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இதைவிட மோசமானது, நேர்மையான ஆய்வாளர்களின் பெயரை இதற்குப் பயன்படுத்தியது. மிஷலின் சீயும் அவருடைய குழுவினரும் 1989இல் வெளியிட்ட ஆய்வை இந்த விழுக்காடுகளுக்குச் சான்றாகக் காட்டும் படங்களும் உலவுகின்றன. இயற்பியல் கணக்குகளின் எடுத்துக்காட்டுகளைப் படிக்கும்போது மாணவர்கள் தமக்குத் தாமே எப்படி விளக்கிக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றிய ஆய்வு அது. வில் தால்ஹைமர் என்ற பயிற்சித் துறை ஆய்வாளர் சீயிடமே கேட்டார். அந்தப் படம் தமக்குத் தெரியாதது என்றார் அவர். ஆண்டும் ஆசிரியர் பெயரும் இதழின் பெயரும் ஒழுங்காக இருந்தால் யாரும் மூலத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை. அந்த நம்பிக்கையில்தான் இந்தப் பொய் ஓடிக்கொண்டிருக்கிறது. 2014இல் ‘எஜுகேஷனல் டெக்னாலஜி’ என்ற ஆய்விதழ் இதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டும் கட்டுரைகளை வெளியிட்டது. ஆண்டுகள் பல ஆகியும் நம் கையேடுகள் மாறவில்லை.

எண் தவறினால் என்ன, செய்து கற்பது நல்லதுதானே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நல்லதுதான், அதற்குப் பொய்ச் சான்று தேவையில்லை. கேடு வேறு இடத்தில் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் குழந்தைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களை நாள்தோறும் உட்காரவைத்துப் படிக்கவைக்கும் ஆசிரியையிடம், படிப்பதில் 10 விழுக்காடுதான் நிற்கும், திரையைப் போடுங்கள் என்று சொல்வது அநியாயம். வாசிப்பின் மதிப்பைக் குறைத்துக் கருவியின் மதிப்பை ஏற்றுவதற்கே இந்தப் படம் பயன்படுகிறது. அந்தக் கருவிகளைப் பள்ளிகள் வாங்குவது மக்களின் வரிப்பணத்திலும் பெற்றோர் கட்டும் கட்டணத்திலும்.

கல்வித் தொழில்நுட்பம் பற்றி யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை இந்தத் துறையில் சான்று எவ்வளவு அரிது என்பதைச் சொல்கிறது. பிரிட்டனில் இத்துறை நிறுவனங்களில் 7 விழுக்காடுதான் முறையான ஒப்பீட்டுச் சோதனை நடத்தியிருந்தன. அமெரிக்காவின் 17 மாநிலங்களில் கருவியை ஏற்கும் முன்பு துறை அறிஞர்கள் சரிபார்த்த ஆய்வுச் சான்றைக் கேட்ட ஆசிரியர்களும் நிர்வாகிகளும் 11 விழுக்காடு மட்டுமே. இந்த எண்களுக்கு மூலம் உண்டு. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

நம் ஆய்வேடுகளிலும் இந்தக் கூம்பு விழுக்காடுகளோடு இடம்பெறுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் வந்த பிறகு, பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமை 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். அந்த ஒற்றுமையைக் கணக்கிடும் மென்பொருள், சொற்கள் ஒத்திருக்கின்றனவா என்றுதான் பார்க்கும். சுட்டிய நூலில் அந்தச் செய்தி உண்மையில் இருக்கிறதா என்று அது பார்க்காது. அதை நெறியாளர்தான் பார்க்க வேண்டும். கேட்டவுடன் மேற்கோள் பட்டியலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு, உலகில் இல்லாத கட்டுரைக்கும் தலைப்பும் ஆண்டும் போட்டுக் கொடுக்கும் இக்காலத்தில் இந்தப் பொறுப்பு இரட்டிப்பாகிறது.

பள்ளிக் கல்வித் துறைக்கும் ஆசிரியர் கல்வி நிறுவனங்களுக்கும் என் வேண்டுகோள் இவைதான். பயிற்சிக் கட்டகங்களிலிருந்து இந்த விழுக்காடுகளை நீக்குங்கள்; டேலின் கூம்பை அவர் வரைந்தபடியே கற்பியுங்கள். கட்டகத்தில் வரும் ஒவ்வொரு ஆய்வு முடிவுக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்க எண் குறியுங்கள். குறித்தவர் அந்தப் பக்கத்தைத் தாமே படித்திருக்க வேண்டும். கருவி விற்க வருபவர் விழுக்காடு சொன்னால், மூல ஆய்வின் படியை ஒப்பந்தப்புள்ளியோடு இணைக்கச் சொல்லுங்கள். சக ஆசிரியர்களே, அடுத்த பயிற்சியில் இந்தப் படம் திரையில் வந்தால் எழுந்து நின்று கேளுங்கள்: எந்த நூல், எந்தப் பக்கம்?

இப்படிக்கு,
அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.