தமிழ் வராதாம், கேக்கில்!

"சார், கேக்குல தமிழ் வராது. இங்கிலீஷ்ல எழுதித் தரேன்."

ராயபுரம் முதல் எண்ணூர் வரை நான் கேட்டுப் பார்த்த பேக்கரிகளில் பெரும்பாலும் இந்தப் பதில்தான். வராது என்றால் என்ன அர்த்தம்? பஸ் வராது, தண்ணீர் லாரி வராது என்பதுபோலத் தமிழும் தானாக வந்து நிற்க வேண்டிய ஒன்றா? எழுதினால் வரும். "எங்களுக்குப் பழக்கமில்லை" என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். பழியை எழுத்தின் மேல் போடாதீர்கள்.

அவர்கள் சொல்லும் முதல் காரணம், தமிழில் எழுதினால் இடம் போதாது என்பது. எண்ணிப் பார்த்துவிடுவோம். 'ஹேப்பி பர்த்டே' என்று ஆங்கிலத்தில் எழுத 13 எழுத்து வேண்டும். 'பிறந்தநாள் வாழ்த்துகள்' 12 எழுத்துதான். துணைக்கால்களைத் தனியாக எண்ணினாலும் 14-ஐத் தாண்டாது. ('வாழ்த்துக்கள்' என்று எழுதியே தீருவேன் என்பவர்கள் இன்னொரு 'க்' சேர்த்துக்கொள்ளட்டும். இலக்கணமும் கெடும், ஐசிங்கும் செலவு.)

இரண்டாவது காரணம், வளைவும் சுழியும் புள்ளியும் ஐசிங்கில் நிற்காது என்பது. இதை நான் காதால் மட்டும் கேட்டுவிட்டு எழுதவில்லை. ஓய்வுக்குப் பிறகு, பேத்தி பிஸ்கட்டில் ராயல் ஐசிங் எழுதப் பழகியபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்து பழகினேன். ஒரு முட்டையின் வெள்ளைக்கருவுக்குச் சுமார் 150 முதல் 200 கிராம் ஐசிங் சர்க்கரை, சில சொட்டு எலுமிச்சைச் சாறு. பச்சை முட்டை வேண்டாம் என்பவர்களுக்கு மெரிங் பவுடர் இருக்கிறது. கரண்டியைத் தூக்கினால் நுனி எழுந்து நின்று மெல்லத் தலை சாய வேண்டும், அதுதான் எழுதும் பதம். பாத்திரத்தின் மேல் ஈரத்துணி போட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆடை கட்டிவிடும். எழுதிய பிறகு காய்வதற்கு மட்டும் நம் கடற்கரைக் காற்று சண்டை போடும். மழை நாளில் மின்விசிறிக்கு அடியில் வைத்தால் சரியாகிவிடும்.

எழுதும் வித்தையைக் கேளுங்கள். பட்டர் பேப்பர் கூம்பின் நுனியை பிஸ்கட்டில் தொட்டு, உடனே சற்றே உயர்த்த வேண்டும். சர்க்கரை ஒரு நூலாக இறங்கும். அந்த நூலை வளைத்துப் படுக்க வைப்பதுதான் எழுத்து. நம் வீட்டுப் பெண்கள் மாவை நனைத்து இழைக்கோலம் போடும் அதே கை! நூலுக்குப் பிடித்தது வளைவு. அது முரண்டு பிடிப்பது ஆங்கிலப் பெரிய எழுத்துகளின் கூர்மூலைகளில்தான். புள்ளியோ, இந்தத் தொழிலிலேயே சுலபமான வேலை. ஒரு அழுத்து, ஒரு நிறுத்து. நுனி கூராக நின்றால் ஈரத் தூரிகையால் ஒரு தொடு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். தடித்த கோடும் மெல்லிய கோடுமாகக் கட்டைப் பேனாவில் எழுத வைத்துத்தான் எங்களை மேல் வகுப்புக்கு அனுப்பினார்கள். பிரெஞ்சில் கிறிஸ்துமஸுக்கு 'நோயெல்' என்பார்கள். அந்தச் சொல்லில் ஓர் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகள் உண்டு. விழாவுக்கு 'ஃபேத்'. அதில் தலைமேல் ஒரு சிறு கூரை. 'பிரான்சுவா' என்ற பெயரில் எழுத்துக்கு அடியில் ஒரு வால். புள்ளியும் கூரையும் வாலும் கேக்கில் வராது என்று ஒரு பிரெஞ்சுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், கடையை விட்டு அவர் கிளம்ப மாட்டார், உங்களைத்தான் கிளப்புவார்.

'வராது' என்ற சொல் தமிழுக்குப் புதிதா என்ன? ஈய அச்சில் 1578-லேயே 'தம்பிரான் வணக்கம்' வந்துவிட்டது. தட்டச்சில் வராது என்றார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா அதற்கு விசைப்பலகை அமைத்துக் காட்டினார். அரசு அலுவலகத்தில் எழுத்தராக நான் தினம் பார்த்த அதிசயம் அது. புள்ளி விசையை அழுத்தினால் வண்டி நகராமல் காத்திருக்கும், அடுத்து அடிக்கும் எழுத்தின் தலையில் போய்ப் புள்ளி உட்காரும். ஓலை கிழியுமே என்று அஞ்சிப் புள்ளியையே விட்டு எழுதிய காலமும் உண்டு. இரும்பை வளைத்துப் புள்ளி வைத்தாகிவிட்டது. சர்க்கரை என்ன, கிழியவா போகிறது?

இது வெறும் மொழிப்பற்று என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். திருவொற்றியூரில் என் உறவில் ஒரு பெரியம்மாவுக்கு 80 நிறைந்தது. பிள்ளைகள் ஆசையாகப் பெரிய கேக் வாங்கி வந்தார்கள். அவர் பெயர் ஆங்கிலத்தில் வழிந்துகொண்டிருந்தது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அந்த அம்மா, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னப்பா எழுதியிருக்கு?" என்று கேட்டார். அவருக்காக வெட்டும் கேக்கில் அவர் பெயரை அவருக்கே படித்துக் காட்ட வேண்டியிருந்தது. இதைவிட அவமரியாதை உண்டா?

எழுத ஆள் இல்லை என்பதும் பொய். காசிமேட்டில் போய்ப் பாருங்கள். படகின் வளைந்த பக்கத்தில், ஆட்டத்துக்கு நடுவே, தமிழில் பெயர் எழுதிய கைகள் இந்த ஊரில்தான் இருக்கின்றன. கடைப் பலகையும் சுவர் விளம்பரமும் எழுதிய ஓவியர்கள் பலரின் பிழைப்பை ஃபிளெக்ஸ் பேனர் விழுங்கிவிட்டது. ஒரு பக்கம் தமிழ் எழுத்துக் கலைஞருக்கு வேலை இல்லை, மறுபக்கம் தமிழ் எழுத ஆள் இல்லை! இந்த இருவரையும் சேர்த்து வைக்க ஒரு பேக்கரி முதலாளிக்குக் கூடவா தோன்றவில்லை?

பேக்கரிப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. சாயங்காலம் பத்து ஆர்டர் வரிசையில் நிற்கும்போது, குறைந்த சம்பளத்தில், வழுக்கும் கிரீம் மேல் அவசரமாக எழுதுகிறார்கள். அவர்களுக்குக் கற்றுத் தராத முதலாளிகள் மேல்தான் கோபம். வழியும் இருக்கிறது. 'பிறந்தநாள் வாழ்த்துகள்' என்பதை ராயல் ஐசிங்கில் பிஸ்கட் மேல் முன்னதாகவே எழுதிக் காய வைத்துவிடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் பல நாள் இருக்கும். ஆர்டர் வந்ததும் பெயரை மட்டும் எழுதி, கொடுக்கும் நேரத்தில் கேக் மேல் பதித்தால் போதும். முன்கூட்டியே வைத்தால் கிரீம் ஈரத்தில் எழுத்து இளகும். பழகுவதற்குப் பள்ளிக்கூடம் வேண்டாம். செய்தித்தாளின் தலைப்பு எழுத்துகள் மேல் பட்டர் பேப்பர் விரித்து, தினம் அரைமணி நேரம் கூம்பை ஓட்டினால் கை வசப்படும்.

வாங்குகிற நமக்கும் பொறுப்பு உண்டு. கேட்காத கடையில் எதுவும் வராது. அடுத்த முறை பேரன் பேத்திக்குக் கேக் சொல்லும்போது, பெயரை ஒரு தாளில் பெரிதாகத் தமிழில் எழுதிக் கொண்டுபோங்கள். முதல் நாளே கொடுங்கள். 'வராது' என்றால் வாக்குவாதம் வேண்டாம். தாளை வாங்கி மடித்துக்கொண்டு, அவர் பார்க்கும்படி எதிர்க் கடைக்குள் நுழையுங்கள். நாலு பேர் இப்படி நடந்தால், ஐந்தாவது ஆளுக்குத் தமிழ் தானாக வரும்.