திமிங்கிலம் விலகிப் போகாது

"கப்பல் சத்தம் கேட்டால் திமிங்கிலம் தானாக விலகிப் போகாதா?" கடலைப் பற்றிப் பேச்செடுத்தால் நன்றாகப் படித்தவர்கள்கூட இதைத்தான் கேட்கிறார்கள். கேட்கும்போதே பதிலையும் முடிவு செய்துவிடுகிறார்கள்: கடல் பெரிது, திமிங்கிலத்துக்குக் காது கூர்மை, நாம் கவலைப்பட ஒன்றுமில்லை. இந்த நம்பிக்கை அடியோடு தவறு.

2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்தை நெருங்கிய கொள்கலன் கப்பல் ஒன்றின் முன்முனையான அணியத்தில், குறுக்கே மடங்கியபடி ஒரு நீலத்திமிங்கிலம் செத்துக் கிடந்தது. உலகிலேயே பெரிய உயிரினம், வேலியில் சிக்கிய துணிபோலத் தொங்கியது. அது கண்ணில் பட்டதே தற்செயல். அடிபட்டு ஆழத்தில் மூழ்கிப்போகிறவற்றை யார் எண்ணுகிறார்கள்?

ஏன் விலகவில்லை? கலிபோர்னியக் கரையோரம் நீலத்திமிங்கிலங்களின் உடலில் கருவி பொருத்திக் கவனித்தார்கள். கப்பல் நெருங்கியபோது அவை பக்கவாட்டில் விலகி ஓடவில்லை. சில மட்டும் மெல்ல அமிழ்ந்தன. இன்னொன்று: கப்பலின் பெரும் இரைச்சல் பின்னால் சுழலும் விசிறியிலிருந்து வருகிறது. முன்பக்கமாக வரும் ஒலியைக் கப்பலின் உடலே மறைத்துவிடுகிறது. மோதப்போகும் அணியத்துக்கு நேர் எதிரேதான் சத்தம் குறைவு. காது எவ்வளவு கூர்மையாக இருந்து என்ன பயன்?

பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை என்று இலங்கையின் நீளத்தைச் சொல்லுவோமே, அந்தத் தெய்வேந்திரமுனைக்குத் தெற்கேதான் உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று ஓடுகிறது. கூனி இறாலைத் தேடி நீலத்திமிங்கிலங்கள் கூடும் இடமும் அதுவே. சாப்பாட்டுத் தட்டின் நடுவே நெடுஞ்சாலை போட்டுவிட்டு, சாப்பிடுகிறவரை எழுந்து போகச் சொல்வது என்ன நியாயம்?

மோதாவிட்டால் கெடுதல் இல்லை என்பதும் பொய். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் சில நாட்கள் கப்பல்கள் குறைந்தன. நீருக்கடியில் இரைச்சல் 6 டெசிபல் இறங்கியது. அங்கே மிதந்த திமிங்கிலச் சாணத்தை ஆய்வாளர்கள் அள்ளிச் சோதித்தார்கள். அந்த நாட்களில் மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. அப்படியென்றால் மற்ற நாட்களில் அந்த உயிர்கள் எதைச் சுமந்து வாழ்கின்றன?

"அதற்காகக் கப்பலே ஓடக் கூடாதா?" என்று கேட்பார்கள். ஓடட்டும். வேகத்தைக் குறைத்து ஓடட்டும்: 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் மோதினால் திமிங்கிலம் சாகும் வாய்ப்பு ஏறக்குறைய 80 விழுக்காடு, 9 நாட் வேகத்துக்குக் கீழே வந்தால் அது 20 விழுக்காட்டளவுக்கு இறங்குகிறது. பாதையைத் தள்ளியும் போடலாம். ஃபண்டி விரிகுடாவில் 2003இலேயே அதைச் செய்தார்கள். தெய்வேந்திரமுனையிலும் 15 கடல் மைல் தெற்கே நகர்ந்தால் மோதும் அபாயம் 95 விழுக்காடு குறையும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனங்களுள் ஒன்றான எம்.எஸ்.சி. 2022இல் தானாகவே தன் கப்பல்களை அந்தத் தெற்குப் பாதைக்கு மாற்றிக்கொண்டது. அதனால் வணிகம் நின்றுவிடவில்லை.

ஒரு நிறுவனம் மட்டும் நகர்ந்தால் போதாது. சட்டபூர்வமான பாதையை மாற்றுமாறு சர்வதேச கடல்சார் அமைப்பிடம் இலங்கை அரசு கேட்க வேண்டும். விலக வேண்டியது கப்பல்தான்.