பெயரைக் கண்டு எடைபோடலாமா?

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் நம் இல்லங்களில் எழும் முதற் கேள்வி, “எத்தனை மதிப்பெண்?” என்பது. அடுத்து எழுவது, “எந்தப் பள்ளி?” என்பது. மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. அதனை நாம் வாய்விட்டுக் கேட்பதில்லை. “யார் வீட்டுப் பிள்ளை?” என்பதே அது. ஏழை வீட்டுப் பிள்ளை குறைந்த மதிப்பெண் பெற்றால் நாம் வியப்பதில்லை. மிகுந்த மதிப்பெண் பெற்றாலோ, சிலருக்கு ஐயமே பிறந்துவிடுகிறது. இவ்வையம் எத்துணைக் கொடியது என்பதை உணர்த்தும் வரலாறு ஒன்றை இம்மாதம் நம் வாசகக் குடும்பங்களின் முன் வைக்க விழைகிறோம்.

அமெரிக்காவின் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளி என்னும் பொதுப் பள்ளி உள்ளது. அங்குப் பயில்வோரில் மிகப் பெரும்பாலோர் மெக்சிக்கோவிலிருந்து குடியேறிய குடும்பங்களின் வழிவந்தவர்கள். உழைத்து உண்ணும் எளிய மக்களின் பிள்ளைகள். படிப்பை இடையில் நிறுத்துவோர் அங்கு மிகுதியாயிருந்தனர். தமக்கும் தரமான கல்வி வேண்டும் எனக் கேட்டு 1968 மார்ச்சு மாதத்தில் வகுப்புகளை விட்டு வெளியேறிய கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் மாணவர்களுள் இப்பள்ளியினரும் இருந்தனர்.

இப்பள்ளிக்கு 1974-ஆம் ஆண்டில் கணித ஆசிரியராக வந்தவர் ஹைமே எஸ்கலாந்தே. பொலிவியா நாட்டின் லா பாஸ் நகரில் 1930-இல் பிறந்து, அங்கேயே ஆசிரியராய் விளங்கியவர். அமெரிக்காவில் அவருடைய பழைய தகுதி ஏற்கப்படவில்லை. ஆகவே உணவு விடுதியில் எடுபிடி வேலை செய்து, ஆங்கிலம் கற்று, மீண்டும் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்ற பின்னரே அவரால் வகுப்பறைக்குத் திரும்ப முடிந்தது.

‘இப்பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் போதும்’ என்று பலர் எண்ணிய இடத்தில், கல்லூரித் தரத்து நுண்கணிதத்தைக் கற்பிக்கலாம் என்று அவர் துணிந்தார். 1979-இல் அத்தேர்வை எழுதியோர் ஐவர், தேறியோர் இருவரே. அவர் தளரவில்லை. பள்ளி தொடங்கும் முன்னும், முடிந்த பின்னும், விடுமுறையிலும் வகுப்புகள் நடந்தன. பெற்றோரையும் அழைத்துப் பேசி, பிள்ளையின் உழைப்புக்குத் துணைநிற்போம் என்னும் உறுதியைப் பெற்றார்.

1982-இல் பதினெண்மர் தேர்வெழுதித் தேறினர். மகிழ்ச்சி நீடிக்கவில்லை. விடைத்தாள்களில் ஒரே வகையான பிழைகள் காணப்படுவதாகக் கூறி, தேர்வு நடத்திய நிறுவனம் பதினால்வர் மீது ஐயங்கொண்டது. விடைகளின் ஒற்றுமையே காரணம் என்றது நிறுவனம். எங்கள் குடும்பப் பெயர்களும் பள்ளியின் பெயருமே காரணம் என்று ஆசிரியரும் மாணவரும் மனம் வெதும்பினர். இறுதியில் பன்னிருவர் மறுதேர்வு எழுத இசைந்தனர். கோடை விடுமுறை முடியுமுன் புதிய வினாத்தாளுடன் அமர்ந்தனர். பன்னிருவரும் தேறினர்!

இது வெறும் கதையன்று. 1987-இல் அப்பள்ளியில் நுண்கணிதத்தின் முதல்நிலைத் தேர்வில் 73 பேரும் உயர்நிலைத் தேர்வில் 12 பேரும் தேறினர். அதற்கு அடுத்த ஆண்டில் இவ்வரலாறு திரைப்படமாகவும் வெளிவந்தது.

ஆனால் திரைப்படம் சொல்லாத ஒன்றை நாம் கருதவேண்டும். இது ஒரு தனி மனிதர் ஓராண்டில் செய்த அற்புதமன்று. கீழ்வகுப்புகளிலேயே அடித்தளம் இடப்பட்டது. உடன் உழைத்த கணித ஆசிரியர்கள் இருந்தனர். அரணாய் நின்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். அத்தலைமையாசிரியர் 1987-இல் விலகினார். எஸ்கலாந்தே 1991-இல் வேறு பள்ளிக்குச் சென்றார். பின்னர்ச் சில ஆண்டுகளிலேயே தேறுவோர் தொகை வெகுவாகக் குறைந்தது. பிள்ளைகள் மாறிவிட்டனரா? இல்லை, அதே தெருக்கள், அதே இல்லங்கள். அவர்களைத் தாங்கிய கைகளே குறைந்தன. பிறப்பும் வறுமையுமே மதிப்பெண்ணை முடிவு செய்கின்றன என்போர்க்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா? வறுமை தடையன்று என்று நாம் கூறவில்லை. தடையைத் தாண்ட ஏணி வேண்டும். ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்கிறோம்.

நாசரேத்தூரின் பெயரைக் கேட்டதுமே நத்தனயேலின் உள்ளத்தில் ஐயம் எழுந்ததை நற்செய்தியில் காண்கிறோம். பிலிப்பு அவரோடு வாதிடவில்லை. நேரில் வந்து காணுமாறு அழைத்தார். நத்தனயேலும் சென்றார், கண்டார், மனம் மாறினார். ஊரையும் குலத்தையும் கொண்டு ஒருவரை எடைபோடும் வழக்கம் நம் ஆண்டவரையே விட்டுவைக்கவில்லை. அவ்வழக்கம் ஞாயிறுதோறும் திருப்பலியில் பங்குகொள்ளும் நம்மிடையே இன்னும் இருக்கலாமா?

நம் பங்கில் அரசுப் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? அவர்களுள் விளக்கொளியும் அமைதியும் உள்ள இடமின்றி இடர்ப்படுவோர் யார்? மாலையில் இரண்டு மணி நேரம் பங்கு மன்றத்தைத் திறந்துவைப்பது அரிய செயலன்று. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அங்கு அமர்ந்தால் அதுவே பெருந்துணை. வின்சென்ட் தே பவுல் சபையினர் அரிசியோடு கணக்குப் புத்தகமும் கொண்டு செல்லலாம். எழுத்தறியாத தாயும், மகன் படிக்கும் வேளையில் தொலைக்காட்சியை அணைத்து அருகே அமர்ந்திருக்கலாம். அவளும் அப்போது ஆசிரியையே.

அடுத்த முறை எளிய இல்லத்துப் பிள்ளை ஒன்று மதிப்பெண் பட்டியலோடு நம்முன் வந்து நிற்கையில், “எப்படி வாங்கினாய்?” என்று ஐயத்தோடு வினவாதிருப்போம். “அடுத்து என்ன படிக்கப் போகிறாய்? நாங்கள் என்ன செய்யவேண்டும்?” என்று கேட்போம். அக்கேள்வியே அப்பிள்ளைக்கு நாம் பிடித்துக்கொடுக்கும் ஏணியின் முதற்படி ஆகும்.