இடம் மிச்சம், சரக்கு நஷ்டம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கிடங்கு எடுப்பவர்களிடம் ஒரு கணக்கு வேரூன்றிவிட்டது: ஒரு சதுர அடிக்கு எத்தனை பேலட் திணிக்கிறோமோ அத்தனை லாபம். சாதாரண ரேக் போட்டால் ரீச் டிரக் திரும்ப ஏறக்குறைய 3 மீட்டர் வழி விட வேண்டும்; தரையில் பாதிக்குமேல் வழிக்கே போய்விடும். நெருக்க ரேக் விற்பவரின் வரைபடத்தில் அந்த வழிகள் மறைந்து பேலட் எண்ணிக்கை எகிறுகிறது. முதலாளி மயங்கிப்போகிறார்.

அந்த எண்ணிக்கை பொய்யல்ல. எல்லா இடமும் நிரம்பி நிற்கும் ஒரு நாளுக்கான எண்ணிக்கை அது. பல வகைச் சரக்கு வந்து போகும் கிடங்கில் அப்படியொரு நாள் விடிவதே இல்லை.

டிரைவ்-இன் ரேக்கையே எடுத்துக்கொள்வோம். ஃபோர்க்லிஃப்ட் ரேக்குக்குள்ளேயே நுழைந்து, இருபக்கத் தாங்கிகளில் பேலட்டை வைத்துவிட்டுப் பின்னோக்கி வரும். 6 ஆழம், 4 உயரம் என்றால் ஒரு லேனில் 24 பேலட். அந்த லேனில் ஒரே சரக்கைத்தான் வைக்க முடியும். கலந்தால் உள்ளே இருப்பதை எடுக்க முன்னால் நிற்பதையெல்லாம் இறக்க வேண்டும். ஒரு வகை பிஸ்கட்டில் உங்களிடம் இருப்பது 5 பேலட் என்றால் மீதி 19 இடமும் காலி. வேறெதற்கும் உதவாத காலி. நாற்பது, ஐம்பது வகை சரக்கு வைத்திருப்பவர் இதைப் பெருக்கிப் பார்க்கட்டும்.

இன்னொன்று, கடைசியாக உள்ளே போனதுதான் முதலில் வெளியே வரும். உணவுப் பாதுகாப்பு உரிமம் தொடர்பான 2011 ஒழுங்குமுறைகளின் 4ஆம் அட்டவணையோ, முதலில் வந்ததும் முதலில் காலாவதியாவதும் முதலில் போக வேண்டும் என்கிறது. "லேனை முழுக்கக் காலி செய்துவிட்டுத்தான் அடுத்த லோடு ஏற்றுவோம்" என்று சமாளிப்பார்கள். அப்படியானால் லேன் பாதி நாள் பாதி காலியாகவே கிடக்கும். மிச்சம் பிடித்த இடம் எங்கே போயிற்று?

சரிவான ரோலர் ரேக்கில் இந்தச் சிக்கல் இல்லைதான். பின்னால் ஏற்றினால் முன்னால் வரும். ஆனால் அடிப்பலகை உடைந்த பேலட் ரோலரில் பாதி வழியில் நின்றுவிடும். நம் ஊரில் லாரியிலிருந்து இறங்கும் பேலட்டுகளின் லட்சணம் தெரிந்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. லேனுக்குள் தானே ஓடிப் பேலட்டைச் சுமக்கும் ஷட்டில் வண்டி கொஞ்சம் மேல். ஒவ்வொரு தட்டும் தனி லேன் என்பதால் முடங்கும் இடம் குறைகிறது. செலவு குறைவதில்லை.

தீயைப் பற்றி விற்பனையாளர்கள் பேசுவதே இல்லை. கூரையின் ஸ்பிரிங்ளர் தண்ணீர் அடித்தட்டுவரை இறங்க பேலட்டுகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும். நெருக்கத்தில் முதலில் பலியாவது அந்த இடைவெளிதான்.

நெருக்க ரேக்குக்கு நியாயமான இடம் உண்டு: ஒரே பேட்ச் ஐஸ்கிரீம் நூற்றுக்கணக்கான பேலட்டாக நிற்கும் குளிர்கிடங்கு. ஆளில்லாத வழியைக் குளிர்விப்பது அங்கே தண்டச்செலவு. இறால் வைப்பவர்கள் அங்கேயும் கவனமாக இருக்க வேண்டும். 16/20, 21/25 என்று கவுண்ட் (ஒரு பவுண்டுக்கு எத்தனை இறால்) பிரித்தால் வகைகள் பெருகிவிடும்.

ஆகவே, ரேக் கம்பெனிக்காரர் வரைபடத்தோடு வந்தால் உங்கள் ஓராண்டு ஸ்டாக் பட்டியலை அவர் கையில் கொடுங்கள். வகைக்குச் சராசரியாக எத்தனை பேலட் நிற்கிறது என்று பார்த்து, நிஜத்தில் எத்தனை இடம் நிரம்பும் என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் சாதாரண ரேக்கே போடுங்கள்.